காய்ச்சினாலும் போகாத விஷம்

குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் விஷம் இன்னும் கூடும் என்றால் நம்புவீர்களா? 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் அதைத்தான் எச்சரிக்கையாகச் சொன்னார்கள். ஈரி ஏரியில் பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி மண்டி, அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு குடிநீருக்குள் வந்துவிட்டது. கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும். நச்சு மிச்ச நீரில் செறிந்து நிற்கும். சுமார் 4 லட்சம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள்தான் தடை நீங்கியது.

வேடிக்கை என்னவென்றால், பாசிப்பெருக்கத்தை ஆராயவும் கட்டுப்படுத்தவும் 1998-லேயே அங்கே சட்டம் வந்தாச்சு. அதைத் திருத்தி நன்னீர் ஏரிகள்மேல் கூடுதல் கவனம் வைத்தது, அதே 2014 ஜூனில்! ஆய்வு, கண்காணிப்பு, முன்னறிவிப்பு எல்லாம் உண்டு. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பாசிக்குச் சோறு போடும் பாஸ்பரஸ், மழையோடு வயலிலிருந்து வழிந்து வருகிறதே, அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை.