புள்ளி அறுபத்தைந்தா, புள்ளி ஆறு ஐந்தா?

"புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே நீட்டி முழங்கும். புரியாத பிள்ளையும் சேர்ந்துதான் முழங்கும். "ஒளிச்சேர்க்..." என்று இழுத்து நிறுத்தினால் "...கை!" என்று கூரை அதிரும். இரண்டுமே கேள்வி இல்லை, தாளம். தப்பான விடை சொல்லும்போதே அந்தப் பிள்ளை எப்படி யோசித்தது என்பதையும் காட்டிக்கொடுத்தால்தான் அது கேள்வி.

ஆறு, ஏழாம் வகுப்புத் தசம எண்களையே எடுத்துக்கொள்வோம். 0.45, 0.8, 0.123 இவற்றில் எது பெரியது? பெரும்பாலானோர் 0.8 என்றதும் அடுத்த கணக்குக்குப் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இலக்கம் கூடினால் எண் பெரிது என்று நினைக்கும் பிள்ளை 0.123 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். ஆனால் பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது என்பதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, 'புள்ளிக்குப் பின்னால் இலக்கம் குறைந்தால் எண் பெரிது' என்று முடிவுகட்டிய பிள்ளையும் 0.8 என்றுதான் சொல்லும். தப்பான பஸ்ஸில் ஏறிச் சரியான ஊரில் இறங்கிவிடுகிறது!

அதே கேள்வியை 0.3, 0.65, 0.125 என்று மாற்றுங்கள். முதல் வகைப் பிள்ளை 0.125 என்னும், இரண்டாம் வகை 0.3 என்னும். இடமதிப்பு தெரிந்த பிள்ளை 0.65 என்னும். யாருக்கு எதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்பது விடையிலேயே இருக்கிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? 0.65-ஐப் 'புள்ளி அறுபத்தைந்து' என்று வாசிக்கும் பழக்கம் ஒரு காரணம். 'புள்ளி ஆறு ஐந்து' என்றுதான் வாசிக்க வேண்டும். காசும் குழப்பும்: ரூ.2.5 என்றால் இரண்டு ரூபாய் ஐந்து பைசா என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கிரிக்கெட் இன்னும் மோசம். அங்கே 4.3 ஓவர் என்றால் நாலரை ஓவர், 4.5-க்கு அடுத்த பந்தில் ஐந்தாவது ஓவர் முடிந்துவிடும். அந்தப் புள்ளியும் இந்தப் புள்ளியும் வேறு என்று ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

இனி கேட்கும் விதம். விடைகளைப் பலகையில் 1, 2, 3 என்று எண் போட்டு எழுதுங்கள். "மூணு எண்ணுவேன், அப்புறம் விரலை நெஞ்சுக்கு நேரா வெச்சுக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னால் பின் பெஞ்சு முன் பெஞ்சைப் பார்த்துத் தூக்கும். வகுப்பு இரண்டாகப் பிரிந்தால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோருமே தப்பு என்றால் வாதாடிப் பயனில்லை, பாடத்தையே வேறு வழியில் நடத்த வேண்டும்.

தனியாக ஒருவரைக் கேட்பதானால் கேள்வி முதலில், பெயர் கடைசியில். "செல்வி, எது பெரியது?" என்றால் செல்வி என்ற சொல் காதில் விழுந்த நொடியே மற்ற முப்பத்தொன்பது பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி டப்பாவில் போட்டு எடுக்கலாம். எடுத்த குச்சியைத் திரும்ப உள்ளே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருமுறை பதில் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்கு லீவுதான்.

கேள்விக்கும் பெயருக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்குக் குறையாமல் காத்திருந்த இடங்களில் விடைகள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. மூன்று நொடி கேட்கச் சின்னதுதான், பலகை முன்னால் நின்றால் யுகமாகத் தெரியும். மனதுக்குள் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று' என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்லி முடித்த பிறகும் அதே மூன்று நொடி விடுங்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது இடைவெளியைத்தான். உடனே "வெரி குட்" சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டும் சரியாகச் சொல்லலாம் என்பதால், 0.65 என்ற பிள்ளையையும் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். தப்பான விடைக்கு மட்டும் 'எப்படி' கேட்டால், அந்தச் சொல் காதில் விழுந்ததுமே பிள்ளை விடையை மாற்றிக்கொள்ளும். "தெரியாது" என்ற பிள்ளையை விட்டுவிட வேண்டாம், நிற்கவைக்கவும் வேண்டாம். இன்னொருவரைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "அவன் சொன்னத உன் வார்த்தையில சொல்லு" என்றால் போதும்.

இப்படிப்பட்ட கேள்வி பாடம் நடத்தும்போது சட்டென்று வாயில் வராது. நாற்பது நிமிடப் பீரியடுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதையும் முந்தின நாளே பாடக்குறிப்பில் எழுதிவையுங்கள். தப்பான விடைகளுக்குக் கற்பனை தேவையில்லை. போன தேர்வுத் தாள்களைக் கட்டிவைப்பதற்கு முன் ஒரு புரட்டுப் புரட்டினால், ஒரே தப்பைப் பத்துப் பேர் செய்திருப்பது கண்ணில் படும்.