ஹாங்க் கேதர்ஸ்

மார்ச் 4 வந்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஹாங்க் கேதர்ஸ் ஞாபகம் வந்துவிடும். 1990-இல் இதே நாளில், லாஸ் ஏஞ்சலிஸில், லயோலா மேரிமவுன்ட் கல்லூரியின் சொந்த அரங்கத்தில் போர்ட்லாண்ட் அணிக்கு எதிராக ஒரு டங்க் (எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் அழுத்திப் போடுவது) அடித்தார். சில நொடிகளில் தரையில் விழுந்தார். இதயக் கோளாறு. அன்றே இறந்துபோனார். வயது 23.

அதற்கு முந்தைய சீசனில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளிகளிலும் ரீபவுண்டிலும் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) அவர்தான் முதலிடம். ஒரே சீசனில் இரண்டிலும் முதலிடம் பிடித்த இரண்டாவது ஆள். ஆனால் ரசிகர்கள் இதையெல்லாம் விட அதிகம் பேசுவது அவருடைய அணித்தோழர் போ கிம்பிள் போட்ட ஒரு ஃப்ரீ த்ரோவை (தவறுக்குப் பதிலாகக் கிடைக்கும் தடையில்லாத வீச்சு) பற்றித்தான்.

இருவரும் பிலடெல்பியாவில் ஒரே பள்ளியில் ஆடிய நண்பர்கள். கேதர்ஸுக்கு வலது கைப்பழக்கம். ஃப்ரீ த்ரோ சரியாக வராததால் அதற்கு மட்டும் இடது கைக்கு மாறியிருந்தார். நண்பன் போன பிறகு நடந்த தேசியத் தொடரில், நியூ மெக்சிகோ ஸ்டேட்டுக்கு எதிராகத் தன் முதல் ஃப்ரீ த்ரோவை கிம்பிள் இடது கையால் போட்டார். பந்து உள்ளே போனது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அடுத்து, நடப்புச் சாம்பியன் மிச்சிகனை 149-115 என்று அடித்து நொறுக்கினார்கள்! துக்கத்தோடு ஆடிய பையன்கள். கடைசி எட்டு அணிகள் வரை போய் லாஸ் வேகாஸ் அணியிடம் தோற்றார்கள்.

அந்த அரங்கத்தை ரசிகர்கள் இன்றும் 'ஹாங்கின் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். 2020-இல் வெளியே சிலையும் வைத்தார்கள். எப்போதோ வைத்திருக்க வேண்டியது. கூடைப்பந்து பிடித்தவர்கள் அந்த மிச்சிகன் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள்.