ஏப்ரலில் தீர்த்தன்: சென்னையிலிருந்து ஒரு டிரவுட் தூண்டில் பயணம்

இமாச்சலப் பிரதேசத்தின் குஷைனியில் காலை ஏழு மணிக்குத் தீர்த்தன் ஆற்றைப் பார்த்தால் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். அதே கல்லில் மாலை நான்கு மணிக்கு நின்றால் தண்ணீர் ஏறியிருக்கும், கலங்கியும் இருக்கும். பகல் வெயிலில் முகட்டில் உருகிய பனி கீழே வந்துசேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இரவுக் குளிரில் உருகுவது நின்றுபோக, விடிவதற்குள் ஆறு வடிந்து தெளிகிறது. வசந்தத்தில் இங்கே குளிர்நீர் மீனான டிரவுட்டைத் தேடிப் போகிறவர் முதலில் படிக்கவேண்டியது இந்தக் கடிகாரத்தைத்தான்.

இமாச்சலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய டிரவுட் பிடிக்கத் தடை. மீன் முட்டையிடும் காலம் அது. மார்ச்சில் ஆறு திறந்தாலும் தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும், மீன் மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும். டிரவுட் சுறுசுறுப்பாக இரை எடுப்பது தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதுதான். மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் என் தேர்வு. பகலில் தண்ணீர் கொஞ்சம் சூடேறும், பனிவெள்ளமும் இன்னும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. ஒரு சின்ன வெப்பமானி பையில் இருக்கட்டும். விடிகாலையில் எழுந்து ஓடுவதில் பயனில்லை; ஒன்பதரையிலிருந்து இரண்டு மணி வரைதான் நல்ல நேரம்.

ஊட்டி பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் இருப்பது உண்மை. ஆனால் பனிநீர் ஓடும் ஆற்றில் பழுப்பு டிரவுட்டைத் தேடுவது வேறு வேலை.

சென்னையில் முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ லூர் (செயற்கை மீன் இரை) வீசிப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கத்தை மறப்பதுதான் பெரிய பாடம். அங்கே லூரின் எடை தங்கூஸை இழுத்துக்கொண்டு போகும். இங்கே இரை ஃப்ளை: முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. அதற்கு ஏறக்குறைய எடையே இல்லை. தடித்த தூண்டில் கயிறான லைனின் எடைதான் ஃப்ளையைச் சுமந்து போகிறது. அதனால் வேகமாகச் சுழற்றி எறிவது உதவாது. கோலைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, பின்னால் லைன் நீளும்வரை காத்திருந்து, முன்னால் கொண்டுவந்து மறுபடி நிறுத்த வேண்டும். காத்திருக்கத் தவறினால் சாட்டை அடித்ததுபோல் சத்தம் வரும், ஃப்ளை அறுந்து போயிருக்கும். மணிக்கட்டை மடக்கினால் லைன் பின்னால் தரையைத் தொடும்.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம், தினமும் அரை மணி நேரம், பக்கத்து மைதானப் புல்லில் பழகுங்கள். ஃப்ளைக்குப் பதில் நுனியில் கம்பளி நூல் துண்டு கட்டினால் போதும். கடற்கரை மணலில் வேண்டாம்: மணல் லைனின் மேல்பூச்சைக் கீறும், ரீலுக்குள்ளும் போய் அரைக்கும். தீர்த்தனின் கரை முழுக்க மரம். பின்னால் வீச இடமிருக்காது. அங்கே கைகொடுப்பது ரோல் காஸ்ட். கோலை மெதுவாகக் காதுவரை உயர்த்தி, தோளுக்குப் பின்னால் லைன் தொய்ந்து வளையும்வரை நிறுத்தி, முன்னால் அடித்து நிறுத்துவது. லைனின் முன்பகுதி தண்ணீரில் ஒட்டியிருந்தால்தான் இது வேலை செய்யும், வெறும் புல்லில் வழுக்கிவிடும். எழுது அட்டை ஒன்றின் கிளிப்பில் லீடரின் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய தங்கூஸ்) நுனியைச் செருகித் தரையில் வைத்தால் அந்தப் பிடிப்பு கிடைத்துவிடும்.

சென்னைக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கடல் மீனுக்கும் விராலுக்குமான கோல்கள். இங்கே தேவை 9 அடி நீள, 5 எடை (லைனின் எடையைக் குறிக்கும் எண்) ஃப்ளை ராட், அதே எண்ணுள்ள மிதக்கும் லைன், 9 அடி 4 எக்ஸ் லீடர், லீடர் நுனியில் சேர்க்கும் 5 எக்ஸ் டிப்பெட் ஒரு சுருள். எக்ஸ் தடிமனைச் சொல்லும் எண்: 4 எக்ஸ் என்பது சுமார் 0.18 மி.மீ., 5 எக்ஸ் 0.15 மி.மீ. வழிகாட்டி கொடுக்கும் கோல் போதும் என்றாலும் போலராய்டு கண்ணாடியும் தொப்பியும் சொந்தமாக இருக்கட்டும். தண்ணீருக்குள் பார்க்க மட்டுமல்ல, தவறி வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கவும்தான். நான்கு துண்டுக் கோல் 75 செ.மீ. குழாயில் அடங்கும். விமானமென்றால் ஃப்ளை டப்பாவைச் செக்-இன் பையில் வையுங்கள்.

ரயில் என்றால் சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி மூன்றாம் நாள் காலை டில்லி. அங்கிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னால் இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி. மீன்வளத் துறையின் உரிமச் சீட்டை வழிகாட்டியோ தங்குமிடத்தாரோ வாங்கித் தருவார்கள். சீட்டு கையில் வராமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். மேலே இருக்கும் பெரிய இமாலயத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் தூண்டில் கூடாது.

நல்ல வழிகாட்டி வந்ததும் கோலை எடுக்கமாட்டார், கல்லைப் புரட்டுவார். கல்லின் அடியில் மூன்று வாலுள்ள பூச்சி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது மே ஈயின் நிம்ஃப் (நீருக்குள் வாழும் இளம்பூச்சி), இரண்டு வால் தடித்த பூச்சி ஸ்டோன்ஃப்ளை, மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டது கேடிஸ். எது அதிகமோ அதன் அளவுக்கும் நிறத்துக்கும் ஒத்த ஃப்ளைதான் அன்றைக்கு. காலையில் ஹேர்ஸ் இயர், ஃபெசன்ட் டெயில் போன்ற மணி கோத்த நிம்ஃப், 12 முதல் 16 எண் முள். மதியம் மீன் மேலே வந்து வாய் வைக்கும் வட்டங்கள் தெரிந்தால் பாராசூட் ஆடம்ஸ் என்னும் மிதக்கும் ஃப்ளை. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூஸ் பலமிழந்து, முதல் பெரிய மீனிலேயே அறும்.

பாறைக்குப் பின்னால் இருக்கும் அமைதியான நீர், வேக நீரும் மெது நீரும் உரசும் கோடு, மடு முடிந்து ஆழம் குறையும் வாய்: மீன் இருப்பது இந்த மூன்று இடத்தில். நடு ஓட்டத்தில் நிற்க அதற்குச் சக்தி வீண். தக்கையை நிம்ஃபிலிருந்து ஆழத்தின் ஒன்றரை மடங்கு உயரத்தில் கட்டுங்கள். மேல்நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடுவதால் லைன் வளைந்து ஃப்ளையை இழுத்துவிடும். ஓட்டத்தைவிட வேகமாக ஓடும் பூச்சியை டிரவுட் நம்பாது. எனவே லைன் விழுந்தவுடன் அதைத் தூக்கி ஓட்டத்தின் மேல்புறமாகப் போட வேண்டும். நாலைந்து முறை விட்டும் ஒருமுறைகூட அடிக்கல் தட்டவில்லையென்றால் எடை போதவில்லை, ஒரு சின்ன ஈயக்குண்டு சேருங்கள். புதியவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஃப்ளையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஆழத்தை மாற்றமாட்டார்கள்.

தக்கை தயங்கினாலே கோலை உயர்த்துங்கள். மீன் ஓடும்போது வழிகாட்டி "டீல் தோ" என்று கத்துவார், லைனைத் தளர்த்தி விடு என்று. வடசென்னையில் பட்டத்துக்கு டீல் விடுவோமே, அதே சொல், அதே கை. ரீலைப் பிடித்து நிறுத்தினால் 5 எக்ஸ் தாங்காது.

பிடித்ததைத் திருப்பி விடுவதென்றால் ஆற்றுக்குப் போகும் முன்பே முள்ளின் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள். உலர்ந்த கையில் அதன் வழவழப்புப் பூச்சு ஒட்டி வந்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கைவலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், படம் எடுக்கப் பத்து விநாடிக்கு மேல் வெளியே தூக்க வேண்டாம். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தால் தானாக உதறிக்கொண்டு போகும். ஆழம் குறைந்த சரளைத் திட்டுகளை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். குளிர்காலத்தில் இட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் ஏப்ரலில் அங்கேதான் இருக்கும்.

உருண்டைக் கற்கள் பாசியால் வழுக்கும். ஊன்றுகோலோடு, பக்கவாட்டில் நின்று, ஒரு கால் ஊன்றிய பின்பே அடுத்த காலை நகர்த்துங்கள். முழங்காலுக்கு மேல் வேக நீர் வேண்டாம். வேடர் என்னும் நீர்புகாத கால்சட்டை போட்டால் இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்கட்டும். விழுந்தால் கால்களுக்குள் தண்ணீர் நிரம்பாமல் தடுப்பது அதுதான். காலையில் எளிதாகக் கடந்த இடத்தை மதியம் கடக்க முடியாமல் அக்கரையில் மாட்டிக்கொள்வது இந்த ஆற்றில் நடக்கிற விபத்து. இறங்கும்போதே தண்ணீரின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டுப் போங்கள். கல் நனையத் தொடங்கினால், மீன் வாய் வைத்துக்கொண்டிருந்தாலும் லைனைச் சுருட்டிக்கொண்டு சாலை இருக்கும் கரைக்கு வந்துவிடுங்கள்.