வான்சண்டையின் ஒலியைக் கணக்கிட்டு அமைத்தல்: இதுவரை நடந்த வேலை

போர்ப் படங்களில் விமானங்கள் எழுப்பும் ஒலி பெரும்பாலும் இயற்பியலுக்குப் பொருந்துவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய உறுத்தல். அதனால் 1940 கோடையில் இங்கிலாந்தின் கென்ட் பகுதிக்கு மேலே நடந்த சண்டையை, கீழே வயலில் நின்ற ஒருவர் எப்படிக் கேட்டிருப்பாரோ அப்படியே கணினியில் அமைக்கத் தொடங்கினேன். விமான சிமுலேட்டரில் ஒலியை அணைத்துப் பதிவுசெய்த காணொளிக்கு, பைத்தான் நிரலாலும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளாலும் ஒலித்தடம் உருவாக்கி வருகிறேன்.

முதலில் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜின். பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட அந்த ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 300 வெடிப்புகள் நிகழ்கின்றன. கியரால் வேகம் குறைக்கப்பட்ட மூன்று அலகு புரொப்பல்லரோ ஏறத்தாழ 72 ஹெர்ட்ஸில் காற்றை அறைகிறது. இவ்விரண்டையும் சீராகச் சேர்த்தால் வெறும் ரீங்காரமே கிடைக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் வெடிப்புக்கும் சற்றே வேறுபட்ட வலிமை கொடுத்து, அந்த வரிசை நொடிக்கு 25 முறை திரும்பி வரும்படி அமைத்தபோதுதான் உறுமல் எழுந்தது. எதிர்த்தரப்பின் ஜெர்மானியப் போர் விமானமான மெசர்ஸ்மிட்டின் ஒலிக்குப் படங்களை நம்பிப் பயனில்லை. 1969-இல் வெளிவந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில் மெசர்ஸ்மிட்களாகப் பறந்தவை, ஸ்பெயினில் கட்டப்பட்டு மெர்லின் என்ஜினே பொருத்தப்பட்டவை.

படங்கள் மிகுதியாகப் பிழை செய்யும் இடம் சுருதிதான். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் 300 ஹெர்ட்ஸ் ஒலி, நெருங்கும்போது சுருதி கூடி விலகும்போது குறையும் டாப்ளர் விளைவால் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸாகக் கேட்கும். கடந்து போன பின் 213 ஆக, அதாவது ஒரு ஸ்தாயிக்கும் மேலாக இறங்கும். நெருங்கி வரும் வரை அது இறங்குவதில்லை. ஐம்பது மீட்டர் தொலைவில் கடந்தால் அந்த இறக்கம் ஒரு கணத்தில் நடந்துவிடும், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடந்தால் பல நொடிகள் நீளும். என் தடத்தில் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி இதுவே. விழுகின்ற எந்த விமானத்துக்கும் படங்களில் ஒட்டவைக்கப்படும் ஊளையை நான் சேர்க்கவில்லை. அது யூ 87 ஸ்டூக்கா என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் சிலவற்றின் சக்கரக் கால்களில், காற்றால் சுழலும்படி பொருத்தப்பட்ட சைரனுக்கு உரியது.

அடுத்தது தாமதம். ஐயாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து ஒலி தரைக்கு வரப் பதினைந்து நொடி ஆகிறது. அதற்குள் விமானம் இரண்டு கிலோமீட்டர் நகர்ந்துவிடுவதால், ஒலி வெற்று வானத்திலிருந்து வருவதாகத் தோன்றும். உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று உறிஞ்சிக்கொள்வதால் மெல்லிய முனகலே மிஞ்சுகிறது. இதைக் கேட்ட என் தம்பி, காட்சியும் ஒலியும் பொருந்தவில்லை என்றே முதலில் சொன்னான். காரணத்தை விளக்கி மறுபடியும் கேட்கச் செய்தபோது, விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை ஒலியை வைத்தே உணர முடிகிறது என்றான்.

துப்பாக்கிகளுக்கும் இதே கவனம் தேவைப்பட்டது. ஸ்பிட்ஃபயரின் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 1150 குண்டுகள் வீதம், மொத்தம் நொடிக்கு நூற்றைம்பதுக்கும் மேல் சுடுகின்றன. காதால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. முரட்டுத் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற ஒலியே எழும். துப்பாக்கிக்கு 300 குண்டுகளே இருந்ததால், மொத்தமும் பதினாறு நொடிக்குள் தீர்ந்துவிடும்.

இப்போது விமானியின் காதுக்கான தனித் தடத்தில் இறங்கியிருக்கிறேன். தோல் தொப்பியும் காதொலிப்பானும் அணிந்தவருக்குத் தம் என்ஜினும் வானொலியுமே கேட்கும்; பின்னால் வரும் எதிரியின் இரைச்சல் கேட்காது. படங்களில் காணக் கிடைக்காத ஓர் ஒலியும் இதில் உண்டு. விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் மெர்லினின் கார்புரேட்டரில் எரிபொருள் ஓட்டம் குலைந்து என்ஜின் திக்கும். நேரடி எரிபொருள் செலுத்தல் கொண்ட மெசர்ஸ்மிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் உருவாக்கிய சிறு தடுப்பான்தான் இதைப் பெரிதும் தணித்தது. என் காட்சி 1940-இல் நடப்பதால், வெடிப்புகளைச் சில கணங்கள் விட்டுவிட்டு நிறுத்தி, புரொப்பல்லரின் அறைதலை மட்டும் தொடரவிட்டு அந்தத் திக்கலை அமைத்துக்கொண்டிருக்கிறேன்.