மாதச் சாமான் பட்டியல் போன பிறகு

மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் என் அப்பா 38 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறார். எங்கள் ஊரின் புறவழிச்சாலையோரம் மிகப் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று திறக்கப்பட்டு 3 ஆண்டுகள் ஆகின்றன. கடைக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்று அஞ்சினோம், கூட்டம் குறையவில்லை. காலையில் பால் பாக்கெட்டுக்கும், மாலையில் இரண்டு ரூபாய் ஷாம்புவுக்கும், குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளிக்கும் ஓடி வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். நின்றுபோனது, மாதம் பிறந்ததும் வந்துகொண்டிருந்த சாமான் பட்டியல்தான்.

கடையில் உட்கார்ந்து பார்க்காதவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. விலை அச்சிட்டு வரும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் தேறினாலே பெரிது. துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் வற்றல், சீரகம் ஆகியவற்றைக் மதுரை கீழமாசி வீதியின் மொத்த விற்பனைக் கடைகளில் மூட்டையாகக் கொள்முதல் செய்து, புடைத்து, தரம் பிரித்து, சில்லறையாக நிறுத்து விற்பதில்தான் எங்கள் வீடு நடந்தது. அந்தச் சரக்கு ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் மொத்தமாகப் போவது மாதப் பட்டியலில்தான். இப்போது சம்பளம் வந்ததும் ரொக்கம் பெரிய கடைக்குப் போகிறது. இருபதாம் தேதிக்கு மேல் கடன் எங்கள் நோட்டுக்கு வருகிறது.

வாங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் மனைவியும் அங்கேதான் எண்ணெய் வாங்குகிறாள். பையை எடுத்துக்கொண்டு அப்பாவின் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வருகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை அதிகம் வருத்துவது வேறொன்று. அச்சிட்ட அதிகபட்ச விலைக்குக் கீழே அங்கே விற்பதைப் பார்த்தவர்கள், அதே அச்சிட்ட விலையை அவர் கேட்கும்போது, இத்தனை காலம் ஏமாற்றிவிட்டாரோ என்ற பார்வையோடு பணத்தை நீட்டுகிறார்கள்.

2012 செப்டம்பரில் மத்திய அரசு பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தபோது நடந்த நாடு தழுவிய கடையடைப்பில் அப்பாவும் கதவைச் சாத்தினார். பொதுவாக 10 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில், அதுவும் மாநில அரசு ஒப்புக்கொண்டால்தான் அத்தகைய கடைகளைத் திறக்க முடியும் என்று அந்த அனுமதியிலேயே நிபந்தனை இருந்தது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தமிழகத்தில் அதற்கு இடமில்லை என்று அறிவித்தபோது, வணிகர்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள். ஆனால் அந்த நிபந்தனைகளில் எதுவும் உள்நாட்டு முதலாளிகளுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுக்காரன் வருவான் என்று வாசலைக் காத்த நாங்கள், மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரக்கூடியவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை.

உண்மையான சிக்கல் கொள்முதல் விலையில் இருக்கிறது. 2021 டிசம்பரில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, பெருநிறுவனங்களின் மொத்த விற்பனைப் பிரிவுகளுக்குத் தங்களைவிடக் குறைந்த விலையில் சரக்குத் தரப்படுவதாக உற்பத்தி நிறுவனங்களிடம் முறையிட்டது. விநியோகஸ்தர்களான ஏஜென்சிக்காரர்களுக்கே அந்த நிலை என்றால், அவர்களிடம் வாங்கும் அப்பாவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற தீபாவளிக்கு முன்பு பெரிய கடையின் எண்ணெய் விலையை அப்பா என்னிடம் விசாரித்தார். ஏஜென்சியில் அவருக்குக் கிடைத்த விலையைவிட அது குறைவு. ஒரு பெட்டி வாங்கி வரச் சொல்லிப் பணம் கொடுத்தார். பில் போடும் பெண் 4 பாக்கெட்டுகளை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு இவ்வளவுதான் அண்ணா, கடைக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றாள்.