டெல்டாக்காரன் டெல்டா கேள்வியில் கோட்டை விட்ட கதை

ஒயின் பரீட்சை ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். இனி நடத்தினவர்களைத் தைரியமாகத் திட்டலாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு ஹோட்டலில் ஒயின் பரிமாறுவது என் வேலை. சர்டிபிகேட் வாங்கினால் சம்பளம் கூடும் என்றார்கள், பணத்தைக் கட்டிவிட்டேன். பாடமெல்லாம் ஆன்லைனில் முடிந்தது. பரீட்சை மட்டும் கேப் டவுனில். 1,600 கிலோமீட்டர், பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க. அங்கே மூன்று முறை போய் வந்தேன்.

முதல் முறை வாசலைத் தாண்டவில்லை. பெயர் பதியும்போது ஊர் வழக்கப்படி 'கே. செந்தில்குமார்' என்று போட்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் கலியபெருமாள். மேசையில் இருந்த அம்மா லிஸ்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"கலியபெருமாள் யார்?"

"எங்க அப்பா."

"அவர் பெயர் லிஸ்டில் இல்லையே."

அவர் பரீட்சை எழுத வரவில்லை, மன்னார்குடி பக்கம் வயலில் நிற்கிறார் என்று விளக்கினேன். எடுபடவில்லை. கட்டின பணமும் போச்சு. டர்பன் திரும்பியதும் பக்கத்து வீட்டில் தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தமிழர், கோவேண்டர் மாமா சிரிக்கிறார்: "எங்க தாத்தாவுக்குக் கப்பல்ல வந்தப்பவே கிளார்க்கு ஒரு பேரு எழுதிட்டான் தம்பி. தப்போ சரியோ, சர்நேம் கவலை எங்களுக்கு அன்னைக்கே தீர்ந்துபோச்சு."

அவர் சொல்லித்தான் தெரிந்தது, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று இங்கே போலீஸ் ஸ்டேஷனிலேயே அஃபிடவிட் போட்டுக் கையெழுத்து வாங்கலாம், காசு கிடையாது. பாஸ்போர்ட் நகலுக்கும் அங்கேயே முத்திரை குத்தித் தருவார்கள். நம் ஊர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எந்தப் பாரத்திலும் இனிஷியல் போடவே போடாதீர்கள். போட்டோ பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே. அப்பா பெயர் முன்னால் வருகிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது முறை உள்ளே விட்டார்கள். ஆனால் பஸ்ஸில் தலைவலி என்று நெற்றி நிறைய தைலம் தேய்த்திருந்தேன். ருசிப் பரீட்சையில் எந்தக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலும் தைலம்தான். எப்படியோ தப்பித்தேன். (இன்னொன்று: அவர்கள் 'கூஸ்பெரி வாசனை' என்றால் நம் நெல்லிக்காய் இல்லை. அது வேறு பழம். நெல்லிக்காயை நினைத்து மோந்தால் கடைசிவரை கிடைக்காது.)

மாட்டிக்கொண்டது எழுத்துத் தாளில். 'ஆற்று டெல்டாவில் உள்ள ஒரு திராட்சைப் பகுதியை எடுத்துக்கொண்டு, அங்கே பழத்தின் தன்மையை எது தீர்மானிக்கிறது என விளக்குக.' எனக்கு உள்ளூரச் சிரிப்பு. டெல்டாவைப் பற்றி என்னிடமே கேட்கிறார்களா? கலிஃபோர்னியாவின் கிளார்க்ஸ்பர்க் என்று தலைப்பு போட்டு, வண்டல், வளம், வாய்க்கால், தண்ணீர் என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். அத்தனையும் காவிரி. ஃபெயில்.

ராத்திரி அப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் கொடியென்று வளர்த்ததெல்லாம் பாவக்காப் பந்தல்தான். "ஏன்யா, மண்ணு கொழுத்துச்சுன்னா கொடி எலையாத்தான தள்ளும், காயி எங்கேருந்து வரும்? வேரு தண்ணியில நின்னா அழுவிடாது? வடிகால் எங்க வச்சிருக்கான், அத மொதல்ல பாரு."

பார்த்தேன். சாக்ரமென்டோ ஆறும் சான் ஹோவாக்கின் ஆறும் சேரும் அந்த டெல்டாவில் பல தீவுகள் கடல் மட்டத்துக்கும் கீழே. சுற்றிலும் கரை கட்டி, பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுகிறார்கள். நாம் தண்ணீர் வரவில்லையே என்று அழுகிறோம், அங்கே தண்ணீரை விரட்டுகிற பாடு. அதைவிடப் பெரிய விஷயம் காற்று. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து கார்க்கினெஸ் ஜலசந்தி வழியாகக் கடல் காற்று உள்ளே ஏறுகிறது. பகல் எவ்வளவு கொளுத்தினாலும் ராத்திரி குளிர்ந்துவிடும், பழத்தில் புளிப்பு நிற்கும். அதனால்தான் கிளார்க்ஸ்பர்க்கில் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சை பேர் வாங்கியது. தென்னாப்பிரிக்காவிலேயே அதிகமாகப் பயிராவதும் அந்த ரகம்தான், இங்கே பழைய பெயர் ஸ்டீன். தினமும் நானே ஊற்றிக்கொடுக்கிற சரக்கு! அதைக்கூட எழுதவில்லை. இருந்த நேரத்தையெல்லாம் 1984, 1986 என்று திராட்சைப் பகுதிகளுக்கு எல்லை வகுத்த வருஷங்களை உருப்போட்டு வீணாக்கியிருந்தேன். (முதலாவது கிளார்க்ஸ்பர்க், அடுத்தது பக்கத்தில் உள்ள லோடை என்ற பகுதி. யாரும் கேட்கவில்லை.)

மூன்றாவது முறை போனபோது மேசையில் அதே அம்மா. அஃபிடவிட்டை நான் நீட்டினேன், அவர் அதைத் தொடக்கூட இல்லை. உள்ளே டெல்டா கேள்வி இல்லை, ஃபிலாக்ஸெரா கேள்வி. 1886-இல் கேப் பக்கம் வந்து தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி. அதற்குத் தப்பத்தான் பூச்சியைத் தாங்கும் வேறு கொடியின் வேரில் ஒட்டுக்கட்டுகிறார்கள். அதற்குப் பிறகும் உலகில் சில இடங்களில் ஒட்டுக்கட்டாத கொடி, சொந்த வேரிலேயே நிற்பது ஏன்? பேனா தானாக ஓடியது. மணலில் அந்தப் பூச்சிக்கு வளை போட முடியாது. அதனால் பிரான்சில் ரோன் ஆற்று டெல்டாவின் கமார்க் மணலிலும், இத்தாலியில் போ ஆற்று டெல்டாவின் போஸ்கோ எலிசெயோவிலும் சொந்த வேர்க் கொடிகள் உண்டு. கமார்க்கில் காற்று மணலை வாரிக்கொண்டு போகாமல் இருக்கக் குளிர்காலத்தில் கொடி வரிசைகளுக்கு நடுவே தானியம் விதைக்கிறார்கள் என்பதுவரை எழுதினேன். வண்டல் என்ற சொல்லை மறந்தும் தொடவில்லை.

போன வாரம் சர்டிபிகேட் தபாலில் வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முதலில் 'கலியபெருமாள்' என்று கொட்டை எழுத்தில், அடுத்துத்தான் நான். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

"நான் எப்பய்யா பரீட்சை எழுதுனேன்?" என்கிறார்.