ஆறாவது லேன்

மகளின் நீச்சல் போட்டியன்று, ஆறாவது லேனில் உங்கள் கடிகாரத்துக்கு மட்டும் என்ன ஆயிற்று என்று அந்த வெள்ளைச் சட்டைப் பாட்டி கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி, கையில் அட்டை வைத்த தாள். என்னோடு நின்ற இரண்டு பேரின் ஸ்டாப்வாட்ச்சும் 1:27.41, 1:27.46 என்று அண்ணன் தம்பி மாதிரி காட்ட, என்னுடையது மட்டும் 1:27.93. அரை நொடி. அவர் எழுதிக்கொண்டே சிரித்தார். பரவாயில்லை, மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் எடுப்போம், உங்களுடையது கணக்கில் வராது என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிள்ளையை இங்கே நீச்சல் கிளப்பில் சேர்த்தால் பணத்தோடு நம்மையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது முதல் வருஷம் எங்களுக்குத் தெரியாது. போட்டி நாளில் பெற்றோர்தான் முறை வைத்து நேரம் பார்க்க வேண்டும். ஒரு லேனுக்கு மூன்று பேர். சத்தத்தைக் கேட்டு அழுத்தக்கூடாது, விளக்கு மின்னுவதைப் பார்த்து அழுத்த வேண்டும், ஒலியைவிட ஒளி வேகம் என்பதால். எட்டாம் வகுப்பில் கோத்தகிரியில் மனப்பாடம் செய்து ஒப்பித்தது மெல்போர்ன் வந்து வேலைக்கு ஆகியிருக்கிறது. முடியும்போது குளத்தின் விளிம்புக்கே போய்க் குனிந்து நின்று, அந்தப் பிள்ளையின் விரல் சுவரில் படுகிற அந்த இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். வேறு எங்கேயும் பார்க்கக்கூடாது.

இங்கேதான் என் வயிற்றெரிச்சல். என்னை நிறுத்தியது ஆறாவது லேனில். என் மகள் நீந்தியது மூன்றாவது லேனில்.

நூறு மீட்டர் தவளை நீச்சல். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுப்பி, காரில் ஏற்றி, குளத்தில் இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்திலேயே குறட்டைவிட்டுத் தூங்கி, ஏழு மணிக்கு ஈரத்தலையோடு அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டு, இப்படி நாலு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். அவள் நீந்துகிற அந்த ஒன்றரை நிமிஷம் யாரோ பெற்ற பிள்ளையின் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைசியில் மனம் கேட்கவில்லை, ஒரு கணம் தலையைத் திருப்பிவிட்டேன். அப்போதுதான் ஆறாவது லேன் பிள்ளை சுவரைத் தொட்டிருக்கிறாள். சரி, திருப்பியதற்காவது பலன் உண்டா என்றால் அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தது மூன்றாவது லேனில் குனிந்து நின்ற ஒரு மனிதரின் அகலமான முதுகு.

மேலே படிக்கட்டில் இருந்த மனைவியாவது பார்த்திருப்பாள் என்று நினைப்பீர்கள். அவள் போட்டி தொடங்கினால் கண்ணைத் திறக்க மாட்டாள். வாட்ஸப் வீடியோவில் அம்மாவை அழைத்து, போனைக் கை நீட்டிக் குளத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஆக, எங்கள் வீட்டில் அந்தப் போட்டியைப் பார்த்த ஒரே ஆள் கோத்தகிரியில் இருக்கிற என் அம்மா.

இங்கே வந்து ஏழு வருஷம். பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். குப்பையை மூன்று தொட்டியாகப் பிரிக்கத் தெரிகிறது, மழை என்றால் என்ன வெயில் என்றால் என்ன என்று ஒரே நாளில் நாலு சட்டை மாற்றத் தெரிகிறது. ஜூலைக் குளிரில் அலுவலகத்தில் எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு உங்கள் ஊர் வெயில் நினைவுக்கு வருமே என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கோபம் வரும். எங்கள் ஊரில் ஏது ஐயா வெயில்? ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளை பூத்து, குழாயில் தண்ணீர் வராமல், அடுப்பங்கரையை விட்டு நகராமல் கிடந்தவர்கள் நாங்கள். அந்த நேரத்தில்தான் அம்மா தலையில் கம்பளித் துணியைச் சுற்றி, ஈரம் படாமல் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, கொழுந்தெடுக்கப் போவார். ஈரத் தேயிலைச் செடி தொடையில் உரசுகிற சத்தம் ஒன்று உண்டு, சரக் சரக் என்று. விடியற்காலை காரில் வைப்பர் போடும்போதெல்லாம் எனக்கு அதுதான் கேட்கிறது. பழகிவிட்டது என்றேன் அல்லவா, விடுங்கள்.

அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த ஐந்தே கால் லட்சத்தில் அம்மா ஒரு தலை. 1971இல், பன்னிரண்டு வயதில், அட்டன் பக்கத்துத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் பயணம் சொல்லிவிட்டு, கோச்சியில், அதாவது ரயிலில், ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். மாமா குடும்பத்துக்குத் தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. எங்கள் தாத்தா கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் பேர் பதிந்தார். கோச்சியைப் பற்றி, முகாமில் போட்ட அரிசியைப் பற்றி எல்லாம் அம்மா மணிக்கணக்கில் சொல்வார். கப்பலைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: “நாலாப் பக்கமும் கரையே தெரியல, எங்க அப்பாயி முந்தானையால என் கண்ணை மூடிருச்சு.”

அதனால் நான் ஓடைப் பக்கம் போனாலே முதுகில் விழும். பள்ளிக்கூடத்தில் பைக்காரா அணைக்குக் கூட்டிப் போனபோது, தண்ணீரை எட்டி நின்று பார்த்துவிட்டு வா என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். எட்டித்தான் நின்றேன். எங்கள் மலையில் யாருக்குத்தான் நீந்தத் தெரியும்? எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி என்று சுற்றிச் சுற்றி அணை இருக்கிறது, இறங்கினால் எலும்பு விறைத்துவிடும். 1994இல் குற்றாலீஸ்வரன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பாக் நீரிணையை நீந்தியே கடந்தான் என்று பேப்பரில் வந்தபோது எனக்குப் பத்து வயது. வாத்தியார் வகுப்பில் படித்துக் காட்டினார். ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். நீ கப்பலில் வந்த அதே கடல், அம்மா, உனக்கு அப்போது இருந்த அதே வயது என்று. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, “அவன் ஆத்தா எப்படித்தான் விட்டாளோ” என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

அப்படிப்பட்டவரின் பேத்தி இப்படி. முதலில் மறைத்துத்தான் வைத்திருந்தோம். இங்கே பள்ளிக்கூடத்திலேயே நீச்சல் பாடம், அதைப் பாடம் என்றே சொல்லிச் சமாளித்தோம். ஒரு நாள் வீடியோவில் ஈரத்தலையைப் பார்த்துவிட்டார். துவட்டினாயா, சாம்பிராணி போட்டாயா, சளி இறங்கிவிடுமே என்று ஆரம்பித்து, கடைசியில் உண்மை வெளியே வந்தது. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, “அந்தத் தண்ணி எவ்வளவு ஆழம்?” என்றார். ரெண்டு மீட்டர்தான் அம்மா, சூடு பண்ணிய தண்ணீர், பக்கத்திலேயே காப்பாற்ற ஆள் நிற்கும் என்றேன். “ஒரு ஆளா, ரெண்டு ஆளா?”

போட்டி காலை பத்து ஐம்பதுக்கு. பிப்ரவரியில் நமக்கும் கோத்தகிரிக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், அங்கே ஐந்து இருபது, கும்மிருட்டு. அம்மா இருக்கிற வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கீழே ஹட்டியில், அதாவது படகர் ஊரில், நன்றாகக் கிடைக்கும், இறங்கி ஏற முட்டி விடாது. மிச்சம் இருப்பது மேலே மாரியம்மன் கோயில் திண்ணை. அங்கே ஒரு சிக்கல், விளக்கு எண்ணெய் குடிக்கக் கரடி வரும். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் வாசம் பிடித்தால் அதற்குக் கோயில் என்றும் கடை என்றும் கிடையாது. அம்மா என்ன செய்தார் தெரியுமா, பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி, அவன் கையில் டார்ச்சும் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்து, தட்டிக்கொண்டே நட என்று சொல்லி மேலே ஏறியிருக்கிறார். போட்டி நடக்கும்போதும் அவன் தட்டை நிறுத்தவில்லை. மனைவியின் போனில் டங் டங் என்று கேட்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இது உங்கள் ஊரில் உற்சாகப்படுத்துகிற முறையா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

என் முறை முடிந்ததும் வெளியே வந்து அம்மாவை அழைத்தேன்.

“பாப்பாவுக்கு பிபி வந்திருக்கும்மா!”

“ஐயையோ, இந்த வயசுலயா?”

பர்சனல் பெஸ்ட்டைத்தான் இவர்கள் பிபி என்கிறார்கள். பிரஷர் இல்லை அம்மா, இதுவரை நீந்தியதிலேயே இதுதான் வேகம், 1:28.90 இருந்தது 1:26.81 ஆகியிருக்கிறது, ரெண்டு நொடி குறைத்திருக்கிறாள் என்று விளக்கினேன். அந்தச் சந்தோஷத்தில் என் அரை நொடிக் கதையையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

“அது யாரு பெத்த புள்ளையோ. அதுக்குப் போய் தப்பா நிறுத்துட்டியேடா.”

நிறுத்துட்டியே என்றுதான் சொன்னார். அதில் இருப்பது தராசு. எஸ்டேட்டில் மாலை நிறுவையின்போது கணக்குப்பிள்ளை முள் ஆடி நிற்கும் முன்னே எண்ணைச் சொல்லிவிடுவார். அதிலும் தண்ணீருக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழிவு. மழை பெய்யாத நாளிலும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. அம்மா அதை எதிர்த்துக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் கரியால் தன் கணக்கைக் கோடு போட்டு வைப்பார். எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க அந்தக் கோடுதான். அந்தக் கணக்குப்பிள்ளையைத் திட்டாமல் நான் ஒரு நாள் சாப்பிட்டதில்லை. இப்போது நான் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு பிள்ளைக்கு அரை நொடி கூட்டி வைத்திருக்கிறேன். மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் எடுப்பார்கள் அம்மா, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ரெண்டு மூன்று முறை சொன்னேன். “மூணு தராசா வச்சிருக்காங்க?” என்றார். “பரவாயில்லையே.”

அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். “போகயில இருபத்தி நாலு, வரயில இருபத்தி ஏழு.”

“எதும்மா?”

“தலைடா. அவ தலை மேல வந்தது. மத்த நீச்சல் எனக்குப் புடிக்காது, மூஞ்சியே காட்டாம போயிடுறா. இதுல ஒவ்வொரு தடவையும் மேல வந்து மூச்சு விடுறால்ல. வருதா வருதான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் அந்தப் பையன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

காரில் மகள் ஈரத்தலையோடு உட்கார்ந்து சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தாள். அப்பாயி எண்ணினார்களாம், இருபத்தி நாலு, இருபத்தி ஏழு என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கோச் குளக்கரையில் நின்று எண்ணிச் சொன்னதும் அதேதானாம், திரும்பி வரும்போது இருபத்தி ஐந்துக்குள் முடிக்க வேண்டுமாம், எங்கே கூடுகிறது என்று அவளுக்குத்தான் பிடிபடவில்லையாம். “அப்பாயிகிட்ட கேளுங்கப்பா, எங்க எக்ஸ்ட்ரா வருதுன்னு.”

மறுபடி அழைத்தேன். அம்மா திண்ணையிலேயேதான் இருந்தார், விடிந்த பிறகு இறங்கலாம் என்று.

“கயித்துல செவப்பு செவப்பா மிதக்குதுல்ல, அதுகிட்ட வந்தப்புறம்தான் அவசரப்படுறா. அதுவரைக்கும் நிதானமாத்தான் வந்தா. செவப்பைப் பாத்ததும் சுருக்கு சுருக்குன்னு தலையத் தூக்குறா. அங்க எதுக்குப் பறக்கணும், சுவரு எங்க ஓடிடப்போகுது?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள் கண்ணை மூடி, கையை முன்னால் நீட்டி மடக்கி, உட்கார்ந்த இடத்திலேயே நாலு முறை நீந்திப் பார்த்தாள்.

“அடுத்தது என்னைக்கு?” என்றார் அம்மா. “டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வைக்கணும்.”